"நார்மலா?" என்று கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை தங்கை குழந்தையின் பெயர் சூட்டு விழாவில், பெரியம்மா அவளிடம் பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தையில் கேட்டதையும் எனக்கு வந்த கோபத்தையும் நேற்றே எழுதியிருந்தேன். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஆமாம், ஒரு வார்த்தைக்குத்தான்.

"நார்மலா?"

தங்கை "இல்ல பெரியம்மா, ஆபரேஷன்" என்றபோது அவள் குரல் இறங்கியதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சொன்னாள். ஒன்றை நார்மல் என்றால் மற்றது என்ன?

எனக்கு 14 மணி நேரம் வலி. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டுதான் இரும முடிந்தது. நாலடியில் இருந்த பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்தபடி போய்க்கொண்டிருந்தேன். பார்க்க வந்த ஒரு அம்மா, "வலி தாங்க முடியலையாக்கும்" என்றார்.

டாக்டர்களே சொல்கிற வார்த்தைதானே என்பீர்கள். டாக்டர் கேஸ் ஷீட்டுக்காகச் சொல்கிறார். நீங்கள் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள். தமிழில் சுகப்பிரசவம் என்று கேட்டாலும் அதேதான். தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தோமே, அது சுகம் இல்லையா?

காசுக்காக அறுக்கிறார்கள் என்பதும் சரி, நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 64. அந்தக் கேள்வியை மருத்துவமனையிடம் கேளுங்கள். தையல் காயாதவளிடம் ஏன் கேட்கிறீர்கள்?

நார்மல் என்ற சொல்லே தச்சரின் மூலைமட்டத்துக்கான லத்தீன் பெயரிலிருந்து வந்தது. மரத்துக்கு வைக்கிற மட்டத்தை என் தங்கை வயிற்றில் வைக்காதீர்கள்.

நேற்று எழுதாத ஒன்று இருக்கிறது. பெரியம்மா அதோடு விடவில்லை. "உங்க அக்காவுக்கு நார்மல்தானே ஆச்சு, உனக்கு ஏன் இப்படி?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பந்தியைக் கவனிக்கப் போவது போல நகர்ந்துவிட்டார்.

எட்டு வருஷமாக ஊரில் எனக்கு நார்மல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அந்தத் தலையணையை எடுத்துக் கொடுத்ததே அம்மாதான்.