ஒரு ஆளுக்கு யாரும் ரோஸ்ட் செய்வதில்லை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தோடு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். மொத்தம் 22 பேர். இங்கிலாந்தின் டார்பிஷையரில், பேக்வெல் என்ற ஊருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கிராமத்து பப். "பப்பில் போய் என்ன சாப்பாடு?" என்று அக்கா போனில் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதத் தோன்றியது.

இங்குள்ள கிராமத்து பப்பை நம் ஊர் பார் போல நினைக்காதீர்கள். குழந்தைகள், தாத்தா பாட்டிகள், ஈரக்காலோடு வரும் நாய்கள் என்று எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. ஞாயிறு மதியம் பெரும்பாலானவர்கள் வருவது சண்டே ரோஸ்ட்டுக்காகத்தான்.

அதற்குப் பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை முழுசாக ஓவனில் வைப்பார்கள். வெந்ததும் உடனே வெட்டக் கூடாது. கொஞ்ச நேரம் விட்டால்தான் சாறு உள்ளேயே தங்கும். அதற்குள், வடிந்த கொழுப்பைப் புகையும் அளவுக்குச் சூடாக்கி, மாவும் முட்டையும் பாலும் கலந்த கரைசலை ஊற்றினால் யார்க்‌ஷயர் புட்டிங் கிண்ணம் போல எழும்பி நிற்கும். உருளைக்கிழங்கு மொறுமொறுப்பதும் அந்தக் கொழுப்பில்தான். தட்டின் அடியில் ஒட்டியிருப்பது கிரேவி ஆகிவிடும். கையில் காசு குறைவான வீடுகளில் முதலில் புட்டிங்கையும் கிரேவியையும் பரிமாறுவார்களாம். வயிறு பாதி நிறைந்துவிட்டால் இருக்கிற இறைச்சி எல்லோருக்கும் போதும் அல்லவா?

ஆக, எல்லாமே அந்த ஒரு பெரிய துண்டிலிருந்து வருகிறது. தனியாக இருப்பவர் தனக்கு மட்டும் இதைச் செய்ய முடியாது. என் பக்கத்தில் இருந்தவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் போய் நான்கு வருடம். அதற்கப்புறம் வீட்டில் ரோஸ்ட் செய்ததே இல்லை என்றார். இறைச்சியை வெட்டுவது எப்போதும் கணவர்தானாம், கருகிய ஓரத் துண்டைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது அவர் தட்டைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2018-இல் பிரிட்டிஷ் அரசு தனிமைப் பிரச்சினையைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் அமைச்சரிடம் கொடுத்தது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்கு ஒரு பஸ்கூடக் கிடையாது. யார் யாரைக் காரில் அழைத்து வருவது என்று சங்கத்தில் முறை போட்டு வைத்திருப்பதால்தான் அந்தப் பாட்டியால் வர முடிந்தது. காரை ஓட்டியவர் அன்று எலுமிச்சைச் சாற்றோடு நிறுத்திக்கொண்டார்.

பப் நடத்தும் தம்பதி சொன்னதுதான் மனதை அரிக்கிறது. குளிர்காலத்தில் வார நாட்களில் நாலைந்து பேர் வந்தாலே பெரிது, ஞாயிற்றுக்கிழமைதான் கடையைத் தாங்குகிறது என்றார்கள். இப்படிப்பட்ட இடம் ஒருமுறை மூடினால் யாரோ வாங்கி வீடாக மாற்றிவிடுவார்கள். பிறகு திரும்பாது.

இங்கிலாந்தில் 2011-இல் வந்த லோக்கலிசம் சட்டம் இதற்கு ஒரு வழி தந்தது. ஊருக்குப் பயன்படும் இடம் என்று பப்பைக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டால், அது விற்பனைக்கு வரும்போது, பணம் திரட்டி வாங்க ஊர்க்காரர்கள் ஆறு மாத அவகாசம் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். அப்படி வாங்கி, பங்கு போட்டு நடத்தும் கிராமங்கள் உண்டு. வியாபாரம் தானாகப் பிழைக்கட்டும் என்று எங்கள் சங்கத்திலேயே சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடிச் சாப்பிட அந்த ஊரில் வேறு இடமே இல்லை.

பதிவு கேட்டு விண்ணப்பிக்க, நம் ஊர்ப் பஞ்சாயத்து போன்ற பேரிஷ் கவுன்சிலால் முடியும். உள்ளூர் வாக்காளர்கள் குறைந்தது 21 பேரை உறுப்பினராகக் கொண்ட குழுவாலும் முடியும். அன்று மேசையில் இருந்தவர்களே 22 பேர். அடுத்த கூட்டத்துக்கு விண்ணப்பத்தை நான் எடுத்துப் போகிறேன். முதல் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அந்தப் பாட்டி சொல்லியிருக்கிறார்.