கொடைக்கானல் வரை போக வேண்டாம், சிறுமலை இருக்கு

மதுரைக்காரங்க வளைவுச் சாலையில் ஓட்டணும்னா கொடைக்கானல்தான்னு எழுதியிருக்கீங்க. திண்டுக்கல் பக்கத்து மலையான சிறுமலையை விட்டுட்டீங்களே! நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்தில் ஏறினால் 7 கிலோமீட்டருக்கு சிக்னலே கிடையாது. நத்தம் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து மலைப்பாதை பிரியும். 18 கொண்டை ஊசி வளைவு, குறுகல் ரோடு. வாழைப்பழ லோடு வண்டிகள் எதிரே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிங்க, ஏறுற வண்டிக்கு வழி விடுங்க.

இறங்கும்போதுதான் பலர் தப்பு பண்றாங்க. ஏறின அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இறங்கணும். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தால் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும். அப்புறம் பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் மெத்துனு உள்ளே போகும். வாடை வந்ததுமே அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி ஆறவிடுங்க. தண்ணீர் மட்டும் ஊத்தாதீங்க, பேட் பிடிக்கிற பிரேக் டிஸ்க் கோணிடும்.