காரைக்குடிக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு: திங்கட்கிழமை வாருங்கள்

காரைக்குடிக்குச் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் இப்போது அதிகம். சனிக்கிழமை வந்து இறங்குகிறார்கள். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடியில் பூக்கல் என்கிற தரை ஓடு செய்வதைப் பார்க்கிறார்கள், மதியம் வாழை இலையில் ஒரு சாப்பாடு, ஞாயிறு சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்னிடம் யோசனை கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். இன்னும் ஒரு நாள் லீவு போடுங்கள். திங்கட்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை. அதைப் பார்க்காமல் போனால் செட்டிநாட்டுச் சாப்பாட்டில் பாதியைப் பார்க்காமல் போகிறீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெளியூர்களில் ‘செட்டிநாடு’ என்று போர்டு மாட்டி விற்கிற சாப்பாட்டுக்கும் எங்கள் வீடுகளில் நடக்கிற சமையலுக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. கரும்பழுப்பாக ஒரு குழம்பு, மேலே எண்ணெய், நாக்கைச் சுடுகிற காரம், எல்லாவற்றிலும் ஒரே மசாலா. கோழிக்கும் அதுதான், காளானுக்கும் அதுதான், பனீருக்கும் அதுதான். பனீர் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது? பாக்கெட் மசாலா அந்த ஒரே ருசியை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. செட்டிநாடு என்றால் காரம் என்று இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

போன தை மாதம் சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி வந்திருந்தாள். நன்றாகச் சமைப்பாள். “நல்ல செட்டிநாட்டு மசாலா எங்கே கிடைக்கும், அதை மட்டும் வாங்கிக் கொடுத்துடு” என்றுதான் வந்ததும் கேட்டாள். மசாலா அப்புறம், முதலில் சந்தைக்கு வா என்று காலையிலேயே கூட்டிக்கொண்டு போனேன். ஏழு மணிக்குப் போனால்தான் நல்லது. பத்து மணிக்கு மேல் வெயிலும் ஏறிவிடும், இளசாக இருக்கிற காயும் தீர்ந்துவிடும்.

சந்தையில் இரண்டு வகை வியாபாரிகள் உண்டு. லாரியில் மூட்டை மூட்டையாகக் காய் இறக்கி, எலெக்ட்ரானிக் தராசு வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி விற்கிறவர்கள் ஒரு வகை. உருளை, கேரட், பீன்ஸ், தக்காளி எல்லாம் அவர்களிடம். அதே சரக்கு எல்லா ஊரிலும் கிடைக்கும். நான் தோழியை அங்கே நிற்க விடவில்லை. நேரே தரைக்கடைகளுக்குப் போய்விட்டோம். சாக்கை விரித்து, தன் கொல்லையில், வயல் வரப்பில், கண்மாய்க் கரையில் கிடைத்ததைக் கூடையில் கொண்டுவந்து கூறு போட்டு விற்கிற பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். தராசு கிடையாது. கீரை என்றால் கட்டு, காய் என்றால் கூறு, தானியம் என்றால் படி, உழக்கு.

நான் வழக்கமாக வாங்குகிற அப்பத்தா அன்றைக்கு நாட்டுக் கத்திரிக்காய், சுண்டைக்காய், பிரண்டை, ரெண்டு கட்டு மணத்தக்காளிக் கீரை இவ்வளவுதான் வைத்திருந்தார். மொத்தமும் ஒரே கூடைச் சரக்கு. என் தோழி குனிந்து கத்திரிக்காயை எடுக்கப் போனாள்.

“எதுக்கு ஆத்தா, கோசமல்லிக்கா?”

“ஆமா அப்பத்தா” என்றேன் நான்.

“அப்ப இதை எடுக்காதே. காம்பைப் பாரு, வாடிருச்சு. தோலு பளபளன்னு இருக்கணும். மங்குச்சுன்னா உள்ள விதை முத்திருக்கும், மசிக்கிறப்ப வாயில நெருடும். இது புளிக்குழம்புக்குப் போட்டுக்க.”

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்து எங்களுக்கு ஒரு கூறு பொறுக்கிக் கொடுத்தார். கொசுறாக நாலு பச்சை மிளகாய். பிரண்டையைத் தோழி வெறுங்கையால் எடுத்ததும் அவள் கையைத் தட்டிவிட்டார். நுனிக் கொழுந்தாகப் பார்த்து வாங்கணும், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணு நீக்கி நார் உரிக்கணும், எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கணும், இல்லையென்றால் நாக்கு அரிக்கும் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு சமையல் வகுப்பில் இதற்குக் காசு வாங்குவார்கள். அவர் முப்பது ரூபாய்க்குக் காயும் கொடுத்து இதையும் கொடுத்தார்.

எங்கள் பக்கம் மழையை நம்பின பூமி. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். இந்த மண்ணில் என்ன காய்க்குமோ அதை வைத்துத்தான் எங்கள் சமையல் வளர்ந்தது. அவரை, மொச்சை, கொத்தவரங்காய், வாழைப்பூ, முருங்கை, மிதுக்கங்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல். தை, மாசியில் பனங்கிழங்கு. அப்புறம் பலாமுசு, அதாவது பலாப்பிஞ்சு, வரத் தொடங்கும். நடுவில் எல்லாவற்றுக்கும் அடிப்படையாகச் சின்ன வெங்காயம். செட்டிநாட்டுச் சமையலுக்கு எது உயிர் என்று கேட்டால் மிளகு என்று சொல்ல மாட்டேன், மிளகாய் என்றும் சொல்ல மாட்டேன். சின்ன வெங்காயம்தான். உரித்து முழுதாகப் போடுவோம், தட்டிப் போடுவோம், பொடியாக அரிந்து போடுவோம். எந்தக் குழம்புக்கு எப்படி என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

சரி, மசாலாவுக்கு வருகிறேன். சந்தையை முடித்துக்கொண்டு கல்லுக்கட்டிப் பக்கம் போய் ஒரு பலசரக்குக் கடையில் நின்றோம். தோழி கல்பாசியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் சாம்பல், காய்ந்து சுருண்ட சருகு. மூக்கில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடான எண்ணெயில் ஒரு நகத்தளவு போட்டதும் வீடு முழுக்க மண்வாசனை கலந்த ஒரு மணம் எழும். அது பூவும் இல்லை, வேரும் இல்லை, பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து மலைக்காடுகளில் பாறையிலும் மரப்பட்டையிலும் வளர்கிறது. மராத்தி மொக்கு இலவ மரத்தது. அன்னாசிப்பூ தென் சீனத்திலும் வியட்நாமிலும் விளைகிற மரத்தின் காய். பட்டைக்கு இலங்கை. இதில் ஒன்றுகூட எங்கள் கண்மாய்க் கரையில் முளைப்பதில்லை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, எங்கள் பக்கத்திலிருந்து போன ஆட்கள் பர்மா, மலேயா, சிலோன், சைகோன் என்று கடை வைத்திருந்த காலத்தில் இந்தச் சாமான்கள் எங்கள் அடுப்படிக்குப் பழகிப்போயின. கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் நாளே ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அதற்கு ஈடு இல்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். வியாபாரம் போனது, நடந்தும் கப்பலிலுமாக ஆட்கள் ஊர் திரும்பினார்கள். கவுனி அரிசி மட்டும் இன்றைக்கும் கல்யாண வீட்டில் இருக்கிறது.

மிளகாய் மட்டும் பக்கத்து மண். ராமநாதபுரம் முண்டு மிளகாய், குண்டு குண்டாக, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் மானாமதுரை மண்பாண்டத்துக்கும் கிடைத்தது. எங்களைச் சுற்றியிருக்கிற இரண்டு பொருளுக்குப் பெயர் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். மிளகாயைத் தவிர இந்தக் கடைச் சாமான் எல்லாமே வெளியிலிருந்து வந்தது, விலை கூடியது. அதனாலேயே எங்கள் ஆச்சிமார்கள் அதைக் கிள்ளித்தான் போட்டார்கள். அள்ளிப் போட்டது ஹோட்டல்காரர்கள். கல்பாசி ஒரு கிள்ளு என்றால் மணம், ஒரு பிடி என்றால் கசப்பு.

அன்றைக்கு மதியம் வீட்டில் மூன்று வைத்தோம். கோசமல்லிக்குக் கத்திரிக்காயை வேகவைத்துத் தோல் உரித்து மசித்து, புளித்தண்ணி ஊற்றி, அரிந்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துக் கொட்டினேன். வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, வெங்காயம், பூண்டு, மிளகாய், வெண்டைக்காய் வதக்கி அதில் கொதிக்கவிட்டேன். கறியை உப்புக்கறியாகச் செய்தேன். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை நீக்கின வரமிளகாய், மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். அடுப்பைத் தணித்து வைத்து, தண்ணீர் வற்றி வற்றிக் கறி சிவந்து எண்ணெய் பிரிகிற வரை கிளற வேண்டும், அதுதான் வேலையே. தோழி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மசாலா எப்பப் போடுவே?”

“இது மூணுக்குமே மசாலா கிடையாதுடி.”

அவள் நம்பவில்லை. சாப்பிட்டபின் நம்பினாள். இரண்டாம் தடவை உப்புக்கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மசாலா அரைக்கிற குழம்பு எங்களிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோழிக்குழம்புக்கு வறுத்து அரைத்துத்தான் வைப்போம், அதன் ருசியே தனி. காரைக்குடியில் மெஸ் நடத்துகிறவர்களிலும் சாமானை அளந்து போட்டு அருமையாகச் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். என் வழக்கு, அந்த ஒரு குழம்பை மட்டும் வைத்து செட்டிநாட்டின் சமையல் முழுவதையும் முடித்துவிடாதீர்கள் என்பதுதான். மண்டியையும் கோசமல்லியையும் பாக்கெட்டில் அடைக்க முடியாது. பளபளப்பான கத்திரிக்காய் வேண்டும், அதைப் பொறுக்கித் தரத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் இன்னும் எத்தனை காலம் சந்தைக்கு வருவார் என்பதுதான் என் கவலை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது. கோட்டையூரும் கண்டனூரும் சேர்ந்துவிட்டன. ஊர் பெரிதாகும், நல்லதுதான். ஆனால் ஊர் பெரிதாகும்போது சந்தைக்கு என்ன நடக்கிறது என்பதை வேறு ஊர்களில் பார்த்துவிட்டோம். பழைய சந்தையை இடித்து, கான்கிரீட் கட்டடம் கட்டி, ஷட்டர் போட்டு, கடைக்கு அட்வான்ஸ், மாத வாடகை என்று ஏலம் விடுகிறார்கள். மூட்டைக்காரர் எடுத்துவிடுவார். ஒரு கூடைச் சுண்டைக்காயோடு வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி வருகிறவர் மாத வாடகைக்கு எங்கே போவார்? அவர் வராவிட்டால் பிரண்டை வராது, மணத்தக்காளி வராது, மிதுக்கவற்றல் வராது. மிச்சம் கேரட், பீன்ஸ்.

சட்டம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், ஊருக்கு ஒரு விற்பனைக் குழு வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று சொல்கிறது. 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடந்துவருகிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கேயிருந்து வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தை என் தாத்தா காலத்திலேயே பழைய சந்தை.

வேண்டியதும் ஒன்றும் பெரிய செலவில்லை. தரை தரையாகவே இருக்கட்டும், மழைக்குச் சேறாகாமல் கல் பாவினால் போதும். மேலே நிழல். நல்ல தண்ணீர். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. விடியற்காலையில் கூடையோடு கிளம்பி வருகிற பெண்கள், போக இடம் இல்லாத சந்தைகளில், நாள் முழுக்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூடைக்காரர்களுக்கு நாள் கணக்கில் மட்டும் சின்னக் கட்டணம், அதற்கு ரசீது.

இதையெல்லாம் ஒரு பக்க மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். காரைக்குடி, கோட்டையூர், கண்டனூர் பக்கம் இருக்கிற நண்பர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். நகல் வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். சந்தையில் கடை போடுகிற உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, விட்டுப்போனது எதுவாக இருந்தாலும் கமெண்டில் எழுதுங்கள். கொடுப்பதற்கு முன்னால் சேர்த்துவிடுகிறேன்.