ஏற்காடு ரோடு மலையில் குடியிருக்கிறவர்களுக்கும்தான்

மழையில் ஏற்காடு மலைப்பாதையில் பாறை உருண்டால் போதும், "சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்" என்று செய்தி வந்துவிடும். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரிகிறது. மலையில் குடியிருக்கிற ஜனங்களைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏரியும் படகும் மட்டுமா இருக்கிறது? நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை, வாழவந்தி என்று சேர்வராயன் மலை முழுக்க மலையாளி என்ற பழங்குடி மக்களின் (கேரளத்துக்காரர்கள் அல்ல) ஊர்கள். பெரியாஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், காலேஜ் எல்லாம் கீழே சேலத்தில். பிரசவத்தில் சிக்கல் என்றாலும், பாம்பு கடித்து நிலைமை மோசமானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820களில், இந்த மலைக்கு வந்தது காபி. பழம் பறிப்பு சூடுபிடிப்பது நவம்பர், டிசம்பரில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கையில் கூலி புழங்குகிற மாதங்களில்தான் ரோடும் அறுந்துபோகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, மறந்திருக்க மாட்டீர்கள். கீழே இறங்க இன்னொரு வழியாக, கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் போகிற பாதை இருக்கிறது, சரி. அதுவும் மலையை வெட்டிப் போட்ட ரோடுதான், அங்கேயும் அதே மழைதான்.

ரோட்டை இன்னும் அகலமாக்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அகலப்படுத்த வெட்டினால் சரிவு இன்னும் செங்குத்தாகும். முதலில் தண்ணீரைப் பாருங்கள். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் மண்ணும் சருகும் அடைத்துக்கொள்ளும். ஓரக் கால்வாயில் பிளாஸ்டிக் பாட்டில் சிக்கும். சுவருக்குப் பின்னால் ஊறுகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லையென்றால் அது சுவரைத்தான் தள்ளும்.

அப்புறம், கார், பைக்கில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைவில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பஸ் திரும்ப அந்த வளைவு முழுசும் வேண்டும். பாதியில் நின்றுவிட்டால், ஆளும் மூட்டையுமாக அவ்வளவு பாரத்தோடு முதல் கியரில் மறுபடி ஏற்ற வேண்டும். மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

கோடை விழா நெரிசலுக்கு ஒருவழிப்பாதை ஏற்பாடு செய்ய முடிகிறது. அதே அக்கறையை மழைக்கும் காட்டுங்கள். செப்டம்பரிலேயே இரண்டு பாதையிலும் கால்வாயையும் சுவர் ஓட்டைகளையும் சுத்தம் செய்யுங்கள். மழை முடியும்வரை மலைமேலேயே ஒரு ஜேசிபியை டிரைவரோடு நிறுத்தி வையுங்கள்.