காதுக்குள் வந்து பேசுகிறவர் எதை விற்கலாம்?

போன வாரம் ராத்திரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு பாட்காஸ்ட் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அம்மா என் கையைப் பிடிச்சு..." என்று தொடங்கினார். அந்த இடத்தில் ஒரு கடன் ஆப் விளம்பரம் பாய்ந்து வந்தது, அவர் பேசியதைவிட இரண்டு மடங்கு சத்தத்தில். கையெல்லாம் சோப்பு நுரை, போனைத் தொட வழியில்லை. விளம்பரம் முடிந்து அவர் குரல் திரும்பியபோது எனக்கு மனசு ஒட்டவே இல்லை.

அந்த நிகழ்ச்சியை நடத்துபவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். விளம்பரம் தானாகச் சேரட்டும் என்று விட்டிருப்பார், மென்பொருள் கண்ட இடத்தில் வெட்டியிருக்கும். ஆனால் எந்த நிமிடத்தில் விளம்பரம் வரவேண்டும் என்று நாமே குறித்துவைக்கும் வசதி பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. ஒரு கதை முடிந்து மூச்சு விடும் இடமாகப் பார்த்து வைத்தால் யாரும் கோபப்படப் போவதில்லை. அந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

பாட்காஸ்ட் செய்கிறவர்கள் சம்பாதிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஒரு மணி நேர எபிசோடுக்குப் பின்னால் தேடிப் படிப்பது, ஆள் பிடிப்பது, இருமலையும் ஃபேன் சத்தத்தையும் வெட்டி எடுப்பது என்று நாள்கணக்கில் உழைப்பு இருக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் எதை விற்கிறார்கள் என்பதில்தான். வாராவாரம் என் காதுக்குள் வந்து பேசுகிறவரை நான் தெரிந்தவர் மாதிரியே நம்புகிறேன். அவரே தன் வாயால் ஒரு பொருளை நல்லது என்று சொன்னால் அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் விலை போகிறது. ஆன்லைன் ரம்மியைத் தன் சொந்தத் தங்கையிடம் சிபாரிசு செய்வாரா? மாட்டார் என்றால் என்னிடமும் செய்ய வேண்டாம்.

நல்ல விளம்பரம் உறுத்தாது. 2014-இல் 'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்ட் வந்தபோது அதன் தொடக்கத்தில் மெயில்சிம்ப் என்ற மின்னஞ்சல் சேவையின் விளம்பரம் ஒன்று வரும். பலர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள், ஒரு சிறுமி 'மெயில்கிம்ப்' என்று தடுமாறுவாள். கேட்டவர்கள் அதையே ஆசையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் 'சீரியல்' குழு, அடுத்த சீசனுக்குப் பணம் வேண்டும் என்று தன் நேயர்களிடம் நேராகவே கேட்டது. ஒரு வாரத்துக்குள், இரண்டாவது சீசன் உண்டு என்று அறிவித்துவிட்டார்கள்.

இப்படி நேராகக் கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி. '99% இன்விசிபிள்' என்ற பாட்காஸ்டை நடத்தும் ரோமன் மார்ஸ் 2012-இல், பலரிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 42,000 டாலர் கேட்டார். வந்தது 1,70,000 டாலருக்கு மேல். யாருக்கும் எதையும் அவர் பூட்டிவைக்கவில்லை. கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே எபிசோட்தான்.

லுமினரி என்ற பாட்காஸ்ட் ஆப் இதற்கு நேர் எதிர். கிட்டத்தட்ட 10 கோடி டாலர் முதலீட்டோடு 2019 ஏப்ரலில் வந்தது. பாட்காஸ்டுக்கு விளம்பரமே தேவையில்லை, மாதம் 7.99 டாலர் கட்டுங்கள் என்றது. விளம்பரத்தை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது சுருக்கென்று தைத்தது. அதோடு, மற்றவர்களின் இலவச நிகழ்ச்சிகளைத் தன் ஆப்பில் காட்டும்போது எபிசோடோடு எழுதிவைக்கும் குறிப்புகளில் இருந்த இணைப்புகளையும் எடுத்துவிட்டது. நன்கொடைக்கான இணைப்பைப் பலர் வைப்பதே அந்தக் குறிப்பில்தான். பலர் தங்கள் நிகழ்ச்சிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கட்டணம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டான் கார்லின் தன் 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி' என்ற வரலாற்று பாட்காஸ்டில் புதிய எபிசோட்களை இலவசமாக விட்டுவிட்டுப் பழையவற்றை விற்கிறார். புதிதாக வருகிறவன் காசில்லாமல் உள்ளே வரலாம், பிடித்துப்போனால் பழையதைத் தேடி வாங்குவான். நேற்று வரை இலவசமாக வந்த வாராந்தர எபிசோடைத் திடீரென்று பூட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சரி, நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு தமிழ் பாட்காஸ்டை ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கேட்புக்கு 500 ரூபாய் விளம்பரக் காசு, மாதம் நான்கு எபிசோட் என்றால் 2,000 ரூபாய். அதே ஆயிரத்தில் 20 பேர் மாதம் 100 ரூபாய் அனுப்பினாலும் அதே 2,000 ரூபாய்தான். கடன் ஆப்பும் வேண்டாம், ரம்மியும் வேண்டாம். டீக்கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டிப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள். மூன்று நாள் உழைத்து எபிசோட் போடுகிறவர் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்? கடைசி ஒரு நிமிடத்தில், இந்த மாதம் இவ்வளவு செலவு, இவ்வளவு வந்தது என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்லும் ஒருவருக்கு நான் மாதாமாதம் அனுப்புகிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு தமிழ் பாட்காஸ்டில் இதுவரை விளம்பரமும் இல்லை, பணம் அனுப்ப வழியும் இல்லை. ஆறு மாதமாகப் புதிய எபிசோடும் இல்லை. யூபிஐ ஐடி போடுங்கள் என்று மூன்று முறை எழுதிவிட்டேன். இன்றைக்கு மறுபடியும் எழுதப் போகிறேன்.