எல்லாருக்கும் 24 மணி நேரம்தானாம்

வீட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு ஊக்கம் கொடுக்கிறேன் என்று ஒரு சார் பணம் வாங்கி நடத்துகிற குழுவில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவர் போட்ட இலக்குப் பட்டியலைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து இன்பாக்ஸில் "அக்கா பாத்தீங்களா", "அக்கா, ஒண்ணும் சொல்லலியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். நல்லாப் பார்த்தேன். மாத இலக்கை எட்டியவர்களுக்குப் பச்சை, எட்டாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு எழுத்தில் முதல் பெயர் என்னுடையதுதான்.

சிவப்பு கூடப் பரவாயில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு தூங்குகிற எமோஜி போட்டிருந்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை. அதற்குக் கீழே சாரின் வழக்கமான அருள்வாக்கு: "எல்லாருக்கும் 24 மணி நேரம்தான். சிலர் அதில் தொழில் செய்கிறார்கள், சிலர் காரணம் சொல்கிறார்கள்."

சரி, காரணம் சொல்கிறேன். இன்றைக்கு முழுக்கக் காரணம்தான் சொல்லப்போகிறேன். பிடிக்காதவர்கள் இப்போதே தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

ஜூன் மாத இலக்கு 500 பாக்கெட். நான் போட்டது முன்னூற்றுச் சொச்சம். குறைந்தது உண்மை, நான் எங்கேயும் மறைக்கவில்லை. குழுவில் கணக்கு கேட்டபோது நானேதான் எழுதினேன். என் கேள்வி வேறு. அந்த 500 எங்கிருந்து வந்தது? ஸூம் மீட்டிங்கில் "பெருசா யோசிங்க" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் ஒரே எண்ணைப் போட்டார். ஊறுகாய் போடுகிறவருக்கும் 500, சோப்பு காய்ச்சுகிறவருக்கும் 500, சேலைக்குக் குஞ்சம் கட்டுகிற அந்தத் தங்கைக்கும் 500. ஒரு சேலைக்குக் குஞ்சம் கட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தத் தங்கையும் சிவப்பில்தான் இருக்கிறாள், பாவம்.

நான் செய்வது முளைகட்டிய ராகி மாவு. இது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை, நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதில் எந்த வேலையும் அவசரப்படாது என்பதும் தெரியும். ராகியைப் புடைத்துக் கல் பொறுக்க வேண்டும். நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து, வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் நூல் மாதிரி முளை எட்டிப்பார்க்கும். அப்புறம் வெயில். வெயில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு. அரைகுறையாகக் காய்ந்த ராகியில் ஒரு புளிப்பு வாடை வரும். அதை எவ்வளவு வறுத்தாலும் போகாது.

ஜூன் மாதம் இங்கே சாயங்கால மழை எப்படிப் பெய்தது என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதியம் மூன்று மணி வரை மண்டையைப் பிளக்கும் வெயில். நாலு மணிக்குக் கருத்துக்கொண்டு வந்து கொட்டும். நான் அப்போது ஆபீஸில் இருப்பேன். மாடியில் என் மாமியார் ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருப்பார். முட்டி வலிக்காரர். படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாரின் பட்டியலில் அவருக்கு என்ன நிறம்?

காய்ந்து முடிந்தால் மில். மில்லுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்துவிட்டால் முடிந்தது கதை, அன்றைக்கு என் மாவைப் போட முடியாது. மில்லுக்கார அண்ணா நல்ல மனிதர். "நாளைக்கு வாம்மா, மொதல்ல ஒனக்கே போட்டுத் தரேன்" என்பார். அந்த நாளைக்கு எனக்கு ஆபீஸில் சீக்கிரம் போக வேண்டியிருக்கும். அரைத்து வாங்கி வந்தாலும் உடனே பாக்கெட் போட முடியாது. சூடு ஆற வேண்டும். சூட்டோடு போட்டு சீல் வைத்தால் கவர் உள்ளே வியர்த்துவிடும், பத்து நாளில் மாவு கட்டி தட்டும். அந்த மாவைத் தாளில் பரப்பி, ஃபேனைப் போடாமல் (போட்டால் வீடு முழுக்க மாவு), ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். சார் இதைப் பார்த்தால் தூங்குகிற எமோஜி போடுவார் போல.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வேலை மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு. ஜூன், ஜூலை என்றால் எங்களுக்குத் தலைகால் புரியாது. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டரும் லாரியும் கேட் வரைக்கும் வரிசையில் நிற்கும். எடைச்சீட்டு ஒவ்வொன்றையும் பதிந்து, கழிவு போட்டு, யாருக்கு எவ்வளவு என்று முடிக்காமல் எழுந்து வர முடியாது. வெளியே விவசாயி காத்துக்கொண்டிருப்பார். வருஷத்தில் எனக்கு மிகக் கடினமான மாதம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஜூன் என்பேன். அந்த ஜூனில்தான் சாருக்குச் "சவால் மாதம்".

இலக்கு போட்டவர் இதில் ஒன்றையாவது கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காமல் போட்ட எண்ணை எட்டவில்லை என்பதற்காக நான் எப்படித் தூங்குமூஞ்சி ஆனேன்?

என் அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ஆயுத பூஜைக்கு எங்களை உள்ளே கூட்டிப்போவார். மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கொடுப்பார்கள். அங்கே ஒரு போர்டு மாட்டியிருக்கும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை உருப்படி போட வேண்டும், எத்தனை போட்டார்கள் என்று கட்டம் கட்டி எழுதியிருக்கும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கும். குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுத. மிஷின் நின்றது, கரண்ட் போனது, மெட்டீரியல் வரவில்லை என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். "ஆளத் திட்டறதுக்கு முந்தி மிஷினப் பாக்கணும், அதுக்குத்தான் இந்தக் கட்டம்" என்று அப்பா சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. லாபத்துக்காகவே நடக்கிற ஃபேக்டரியிலேயே காரணத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். ஊக்கம் கொடுக்கிறேன் என்று பணம் வாங்கிய குழுவில் அது இல்லை. காரணம் சொன்னால் அது தோற்பவனின் குணமாம்.

இப்போது வருவீர்கள் என்று தெரியும். "இலக்கே இல்லாமல் தொழில் எப்படி வளரும்?" ஐயா, இலக்கு வேண்டாம் என்று எந்த வரியில் சொன்னேன்? எனக்கென்று ஒரு எண் வைத்திருக்கிறேன். மழை, மில், ஆபீஸ் எல்லாம் பார்த்து நானே போட்டது. அதை ஜூனில்கூடத் தாண்டிவிட்டேன். அதற்குப் பச்சை இல்லை.

"உன்னை யாராவது கட்டாயப்படுத்திச் சேர்த்தார்களா?" இல்லை. பணம் கட்டித்தான் சேர்ந்தேன். பணம் கட்டினவளை நாலு பேர் முன்னால் கேலி செய்யலாம் என்று ரசீதில் போட்டிருந்தால் காட்டுங்கள். அப்புறம், அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துத் தருகிறோம் என்று பேக்கேஜில் ஒரு வரி. நான் அதை முன்பே எடுத்துவிட்டேன், அப்போது அரசுக்குக் கட்ட வேண்டியது ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு என்று இன்னொரு வரி. அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போனும் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே முடிக்கலாம். குழுவில் இருக்கிற பாதிப் பேருக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

"அதே குழுவில் பச்சை வாங்கின பெண்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் மூன்று பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். இன்னொருவர் மூட்டையாக மாவு வாங்கித் தன் லேபிள் ஒட்டுகிறார். அது அவர்கள் தொழில், நான் தப்பு சொல்லவில்லை. அதற்குமேல் என்னைப் பேச வைக்காதீர்கள்.

இன்னொன்று. "உள்ளூரிலேயே பிடிங்க, வீடு வீடா ஏறுங்க" என்கிறார் சார். இவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ராகி மூட்டை இல்லாத வீடு எத்தனை? தர்மபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனிலேயே இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி தருகிறார்கள். களிக்கு மாவு அவர்களே அரைத்துக்கொள்வார்கள். என் மாவை வாங்குவது பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச அம்மா கையால் செய்தது போல வேண்டும், ஆனால் அம்மா பக்கத்தில் இல்லை, அவர்கள்தான் வாங்குகிறார்கள். அவர்கள் ஒன்று இரண்டு என்றுதான் வாங்குவார்கள். ராகிக்கு ஆதார விலை 2024-25-ல் குவிண்டால் 4,290 ரூபாய், 2025-26-ல் 4,886. விவசாயிக்கு நல்லது, இன்னும் ஏறட்டும். ஆனால் என் பாக்கெட் விலையை மட்டும் ஏற்றக்கூடாதாம், "வால்யூமில் பிடிக்கலாம்" என்கிறார்.

வால்யூம்! 2025 மாங்காய் சீசனை அதற்குள் மறந்துவிட்டீர்களா? இந்த மாவட்டத்தில் பெங்களூரா காய்த்துத் தொங்கியது. விளைச்சலில் யாரும் குறை வைக்கவில்லை. விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாது என்று பல பேர் மரத்திலேயே விட்டார்கள். அந்த விவசாயிகளை எந்த நிறத்தில் போடுவார் சார்? அதிகம் செய்தவன் ஜெயித்தவன் என்றால் அவர்கள் அத்தனை பேரும் பச்சையில் இருந்திருக்க வேண்டும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாருக்கும் 24 மணி நேரம்தான் என்பது பொய். கடிகாரத்துக்கு உண்மையாக இருக்கலாம். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அந்த மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்தால் நான் 500 என்ன, சாரின் லேபிளையும் சேர்த்து ஒட்டிக் கொடுப்பேன்.

2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் வேலை செய்யச் சொன்னதும், மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டதும் நினைவிருக்கும். அன்றைக்கு இதே குழுவில் எல்லாரும் அவரைக் கிழிகிழி என்று கிழித்தோம். சாரும்தான். அவர் சொன்னால் சுரண்டல், நம் சார் சொன்னால் மோட்டிவேஷன். நமக்குச் சம்பளமும் கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார், எழுதிக்கொண்டிருக்கும்போதே. அவர் கெட்டவர் இல்லை. கூரியருக்குக் கொண்டுபோய்ப் போடுவார், மூட்டை தூக்குவார். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால் "அவ ஏதோ மாவு பண்ணிட்டிருக்கா" என்பார். அந்த "ஏதோ". ஆபீஸ் கணக்கு என்றால் வேலை. ராத்திரி பதினொரு மணிக்கு சீலிங் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் அது பொழுதுபோக்கு. பையனின் பள்ளிக் கட்டணத்தில் இரண்டாவது தவணை அந்தப் பொழுதுபோக்கிலிருந்துதான் போனது என்பதை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பட்டியலுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் சித்தி பையனும் ஒருவன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஓசூரில் உன் ரூமுக்கு மாவு அனுப்பினேன், காசு வேண்டாம் என்றேன். நன்றாக இருந்தது என்று மெசேஜ் போட்டாய். அதற்கு இந்தச் சிரிப்பு. பரவாயில்லை. சார் யாரோ, நேற்று வந்தவர். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு விரலை வைத்திருக்கலாம்.

"பெண் என்பதால் சலுகை கேட்கிறாய்" என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. உங்களுக்குத்தான் 24 மணி நேரம் இருக்கிறதே.

குழுவை விட்டு இன்று காலை வெளியே வந்துவிட்டேன். மிச்ச மாதங்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. குஞ்சம் கட்டுகிற தங்கையும் கேட்கப்போகிறாளாம். வேறு யாராவது கேட்பதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கேட்போம்.

அப்புறம், மாவு கேட்டிருந்தவர்களுக்கு: ஜூலை முடியும் வரை வாரம் ஒரு முறைதான் அரைப்பேன், அதுவும் வெயில் இருந்தால். பெயரை இன்பாக்ஸில் போட்டுவிடுங்கள், வரிசைப்படி அனுப்புகிறேன். உடனே வேண்டும் என்பவர்கள் பச்சை எழுத்துக்காரர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களிடம் எப்போதும் ஸ்டாக் இருக்கும்.