எலிஸ்தா போனால் இதையும் பாருங்கள்

ரஷ்யாவில் கல்மீகியா குடியரசின் தலைநகரான எலிஸ்தாவைப் பற்றி எழுதும்போது 1998 சதுரங்க ஒலிம்பியாடுக்காகக் கட்டிய சதுரங்க நகரத்தையும் புத்தர் கோயிலையும் அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஊரின் முக்கியமான இடம் விடுபட்டுவிட்டது. எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்ட்னி வடித்து 1996இல் திறக்கப்பட்ட ‘வெளியேற்றமும் திரும்புதலும்’ வெண்கலச் சிற்பம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அது நினைவூட்டுவது இதைத்தான்: 1943 டிசம்பர் 28 அன்று ஸ்டாலின் அரசு, இந்த மண்ணின் பௌத்தர்களான கல்மீக் மக்களை, குழந்தை கிழவர் என்று பாராமல், சரக்கு ரயிலில் ஏற்றி கடும் குளிரில் சைபீரியாவுக்கு அனுப்பியது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் 90 ஆயிரத்துக்கும் மேல்; வழியிலும் அங்கேயும் பல ஆயிரம் பேர் செத்துப்போனார்கள், பிழைத்தவர்கள் ஊர் திரும்ப 1957 ஆகிவிட்டது. அப்படி ஒரு சரக்குப் பெட்டி தண்டவாளத்தோடு அங்கேயே நிற்கிறது. சதுரங்க நகரத்தில் ஆசைதீரப் படம் எடுங்கள், சரி, ஆனால் முதலில் இங்கே போங்கள். 2005இல் திறந்த அந்தப் பெரிய கோயில் இவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்புறம் தானாகவே புரியும்.